கடையில் வாங்கிய சக்கை வற்றல்

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறோம். நான் மதுரைக்காரி. கணவரின் ஊர் கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மாமனார் இறந்து மூன்று வருடம் ஆகிறது. மாமியாருக்கு 71 வயது, தனியாக இருக்கிறார். ஒவ்வொரு மே மாதமும் இருபது நாள் அங்கே போய் இருப்போம். மகனுக்கு 12, மகளுக்கு 9. இப்போது இருவருக்கும் அங்கே பொழுது போவதில்லை. திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், பத்மநாபபுரம் அரண்மனை எல்லாம் பார்த்தாயிற்று. மாமியாருக்கும் முன்பு மாதிரி எங்கள் மேல் ஆர்வம் இல்லை. முன்பெல்லாம் நாங்கள் போவதற்குள் டின் நிறையப் பலாச்சுளை சிப்ஸ் வறுத்து வைத்திருப்பார். போன வருடம் மரத்தடியில் பழம் விழுந்து கிடக்கிறது, எங்களுக்குக் கடையில் வாங்கிய இரண்டு பாக்கெட். கேட்டால், "கடையில இப்பம் நல்லாட்டுதான் போடுதாவ மக்களே" என்கிறார். நாங்கள் வாங்கிக் கொடுத்த மிக்சியையும் பெட்டியை விட்டு எடுக்கவில்லை. இந்த வருடம் ஐந்து நாளோடு முடித்துக்கொண்டு பிள்ளைகளைக் கோடை முகாமில் சேர்க்க நினைக்கிறேன். கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். மாமியார் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?

பதில்: எப்படிச் சொல்வது என்பது அப்புறம். முதலில் அந்த இரண்டு பாக்கெட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

உங்கள் கடிதத்தில் முதல் குறை பிள்ளைகளின் பொழுதுபோக்கு. பாக்கெட் விஷயம் நடுவில் ஒரு குறையாக வந்து போகிறது. எனக்கோ அதைத் தாண்டி மேலே படிக்க முடியவில்லை. முற்றத்து மரத்தில் காய் தொங்குகிறது, வறுத்துப் பழகிய கை வீட்டிலேயே இருக்கிறது. அப்படியும் அந்த அம்மா கடையில் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார் என்றால், ஏன் என்று உங்களுக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையா?

பலா என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் மாவட்டத்தில் அது சக்கை. மற்ற ஊர்களில் பிழிந்து போட்ட மிச்சத்துக்குச் சக்கை என்று பெயர், எங்களுக்கு அதுதான் பழம். அதை வறுத்தால் சக்கை வற்றல். டின்னைத் திறந்து தின்றிருக்கிறீர்கள். அது எப்படி டின்னுக்குள் வந்தது என்று ஒரு தடவையாவது கூட இருந்து பார்த்தீர்களா?

பழுத்தது ஆகாது, சுளை குழைந்துபோகிற கூழன் சக்கையும் உதவாது. சுளை கெட்டியாக இருக்கிற வருக்கையில் நன்றாக விளைந்து, இன்னும் பழுக்காத காயாகப் பார்த்து இறக்க வேண்டும். ஒரு காய் சாதாரணமாகப் பத்துப் பதினைந்து கிலோ இருக்கும். தரையில் சாக்கை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்து, வெட்டுகத்தியிலும் உள்ளங்கையிலும் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு பிளக்க வேண்டும். நடுத்தண்டைச் செதுக்கும்போது பால் வடியும். அதைத் துடைத்துத் துடைத்து, சுளையைப் பறித்து, கொட்டையை நீக்கி, எல்லாம் ஒரே கனமாக நீளவாக்கில் அரிய வேண்டும். ஒன்று மெலிந்து ஒன்று தடித்தால் ஒன்று கரியும், மற்றது சவசவ என்று இருக்கும். அப்புறம் உருளியில் எண்ணெய். சுளை முக்கால் வேக்காட்டுக்கு வரும்போது உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை அந்தக் கொதிக்கிற எண்ணெயில் தெளிக்க வேண்டும். சடசடவென்று பொங்கித் தெறிக்கும். அந்த நேரத்தில் கை நடுங்கக் கூடாது, கண் மங்கக் கூடாது. அரிகரண்டியில் எடுத்து உதறினால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். ஒரு டின் நிறைய வேண்டுமென்றால் இப்படி எத்தனை ஈடு போட வேண்டும், எண்ணிப் பாருங்கள்.

இதில் எந்த இடத்தில் அவரால் முடியாமல் போயிற்று? தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லையா? வெட்டுகத்தியை ஓங்கத் தோள் ஒத்துழைக்கவில்லையா? எண்ணெயின் நிறம் கண்ணுக்குத் தெரியவில்லையா? இல்லை, உப்புத் தண்ணீர் தெளித்தோமா இல்லையா என்பதே மறந்துபோகிறதா? எனக்குத் தெரியாது. இருபது நாள் அதே வீட்டில் இருந்த உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காயை இறக்கிப் பிளந்து கொடுத்தவர் உங்கள் மாமனாராகத்தான் இருந்திருப்பார். பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். அவர் போன பிறகும் ஒன்றிரண்டு வருடம் யாரையாவது கூப்பிட்டு ஒப்பேற்றியிருக்கிறார். போன வருடம் அதுவும் முடியவில்லை. அதனால் உங்களை விட்டுவிட்டாரா? ஜங்ஷன் வரை நடந்தோ, தக்கலைக்குப் பஸ் ஏறியோ, பேரப்பிள்ளைகள் வரும்போது வீட்டில் வற்றல் இல்லாமல் இருக்கக் கூடாது என்று வாங்கிக் கொண்டு வந்து வைத்திருக்கிறார். ஆர்வம் இல்லாத மனுஷி சும்மா இருப்பாள். பாக்கெட் வாங்கப் போக மாட்டாள்.

மிக்சியும் அதே கதைதான். மிக்சி அரைக்கும், சரி. தேங்காயை உடைத்துத் துருவிக் கொடுப்பது யார்? எங்கள் பக்கத்தில் தேங்காய் அரைக்காத குழம்பு அபூர்வம். அந்த வீட்டில் போன வருடம் தேங்காய் துருவியது யார் என்று யோசித்துப் பாருங்கள். நீங்களாகத்தான் இருக்கும். அதையும் ஒரு வேலையாகத்தான் நினைத்திருப்பீர்களே தவிர, ஏன் அது நம் தலையில் விழுந்தது என்று கேட்டிருக்க மாட்டீர்கள்.

மதுரையில் உங்கள் அம்மா வீட்டுக்குப் போனால் பையை வைத்துவிட்டு நேரே அடுப்படிக்குத்தானே போவீர்கள்? அம்மா மெலிந்திருந்தால், ரசத்தில் உப்புக் குறைந்தால், அந்த நிமிடமே "என்னம்மா ஆச்சு" என்று கேட்டிருப்பீர்கள். இங்கே மட்டும் பாக்கெட்டைப் பார்த்ததும் பாசம் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. "உன் இஷ்டம்" என்று சொன்னாரே, அவரிடம் எனக்கு இன்னும் கோபம். யாருடைய அம்மா அது? அந்த முற்றத்தில் அந்த வற்றலைத் தின்று வளர்ந்தவர் அவர்தான். பெற்றவளின் கை ஓய்ந்துவிட்டதைப் பிள்ளைதான் முதலில் பார்க்க வேண்டும். மருமகள் ஒரு பத்திரிகைக்கு எழுதி, முகம் தெரியாத நான் எடுத்துச் சொல்லி, அதன் பிறகு அவருக்குத் தெரியவருவது நியாயமே இல்லை. அம்மாவைப் பார்க்கப் போவதா வேண்டாமா, எத்தனை நாள் என்பதை மனைவியின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டு, நாளைக்கு ஏதாவது என்றால் மனைவியைக் குற்றம் சொல்கிற ஆண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இந்தப் பதிலை அவர் கையில் கொடுங்கள்.

இவ்வளவு கடுமையாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் அம்மா ஒவ்வொரு விடுமுறைக்கும் முந்திரிக்கொத்து செய்து வைப்பாள். ஒரு வருடம் செய்யவில்லை. "இந்த வருஷம் பயறு சரியில்லை" என்றாள். நம்பினேன். அடுத்த வருடம் கருப்பட்டி சரியில்லை. அதையும் நம்பினேன். மூன்றாவது வருடம் அவளுக்குச் சேலை மாற்றிவிடும்போதுதான் முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்த பழைய தழும்புகளைப் பார்த்தேன். கண்புரை முற்றியிருந்தது. உருண்டையை எண்ணெயில் போடும்போது எண்ணெய் எங்கே இருக்கிறது என்றே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயறு சரியில்லை என்றாள். உங்கள் மாமியார் கடையில் நல்லாட்டுதான் போடுதாவ என்கிறார்.

அதனால் ஐந்து நாள் என்ற பேச்சே வேண்டாம். முழு இருபது நாளும் போங்கள். அனந்தபுரி எக்ஸ்பிரஸ் தாம்பரத்திலும் நிற்கும், இரணியலிலும் நிற்கும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கில் இருந்துவிடாதீர்கள். மே மாதத்திலேயே போய்விடுங்கள். ஜூனில் மழை பிடித்துவிட்டால் சக்கை தண்ணீர் கோத்துக்கொள்ளும், வற்றலுக்கு ஆகாது.

போனதும் "உங்களுக்கு என்ன செய்கிறது" என்று விசாரணை வைக்காதீர்கள். ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும். அடுக்களைக்குள் போய் எந்தப் பாத்திரத்தில் தூசி படிந்திருக்கிறது என்று பாருங்கள். உருளி கீழே இருக்கிறதா, பரணில் ஏறிவிட்டதா? மேல் தட்டுச் சாமான்கள் எல்லாம் கீழ்த் தட்டுக்கு இறங்கியிருக்கின்றனவா? காலையில் கொண்டையை அவரே போட்டுக்கொள்கிறாரா என்று பாருங்கள். தலைக்குப் பின்னால் கை போகவில்லையென்றால் தோளில் கோளாறு. சர்க்கரை இருப்பவர்களுக்குத் தோள்மூட்டு இறுகிக்கொள்வது சகஜம், பயிற்சியும் வைத்தியமும் கொடுத்தால் பெரும்பாலும் இளகும். கண்ணில் புரை என்றால் அறுவை சிகிச்சையில் சரியாகும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதல் வாரத்திலேயே அழைத்துப் போங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளினால் மறுபடி வரச் சொல்லும் நாளில் நீங்கள் தாம்பரத்தில் இருப்பீர்கள். கூட்டிப் போவது மகன். நீங்கள் அல்ல.

ஊர் திரும்புமுன் இன்னொரு ஏற்பாடும் வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் வந்து தேங்காய் துருவி, மீன் கழுவி, தண்ணீர் பிடித்து வைக்கப் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பேசிவிடுங்கள். சம்பளத்தை மாதம் முதல் தேதி அவளுக்கே அனுப்பிவிடுங்கள். மாமியார் கையில் கொடுத்தால், வேண்டாம் என்று அவளை நிறுத்திவிட்டுக் காசைப் பேரப்பிள்ளைகளுக்குச் சேர்த்து வைப்பார்.

பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை என்பதற்கும் இதிலேயே வழி இருக்கிறது. 12 வயதுப் பையன் தேங்காய் துருவலாம். 9 வயதுப் பெண் சக்கைக்கொட்டையைத் தோல் உரிக்கலாம். எத்தனை அருவி பார்த்தோம் என்ற கணக்கு போதும், பாட்டி வீடு சுற்றுலா விடுதி கிடையாது. மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்து, "எனக்குச் சக்கை வற்றல் போடத் தெரியாது அத்தை, சொல்லித் தாருங்கள்" என்று கேளுங்கள். உண்மையும் அதுதானே. எப்போது உப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார். கண் தெரியாவிட்டாலும் எண்ணெயின் சத்தம் அவருக்குத் தெரியும்.

காயைப் பிளப்பது உங்கள் கணவர். வெட்டுகத்தியை எடுக்குமுன் இரண்டு கையிலும் முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படியும் முதல் தடவை பசை ஒட்டத்தான் செய்யும். சோப்புப் போட்டால் போகாது. மறுபடி எண்ணெயைத் தேய்த்து, பழைய துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும்.