துரு இருக்கும் இடம்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் எங்கள் தாத்தா வாழ்ந்த வீட்டைக் காலி செய்தபோது, காபியும் உர மூட்டைகளும் அடுக்கியிருந்த கொட்டகையில் அவருடைய தச்சுப் பெட்டி கிடைத்தது. மர இழைப்புளி ஒன்று, இரும்பு இழைப்புளி ஒன்று, சில உளிகள், ஒரு கவாத்துக் கத்தரி என எல்லாமே துருவேறிக் கிடக்கின்றன. மகளின் அரையாண்டு விடுமுறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து அவற்றைப் புதிதுபோல் ஆக்க விரும்புகிறோம். அதற்காகக் கிரைண்டர் வாங்கி வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவர் ஆசிட்டில் ஊறவைக்கச் சொல்கிறார். இன்னொருவர் பேட்டரி சார்ஜரைக் கொண்டு துருவை நீக்கலாம் என்கிறார். எது நல்லது? தாத்தா தம் உளிகளைக் ‘கஞ்சமலை இரும்பு’ என்று சொல்வார். அது உண்மையாக இருக்க முடியுமா?

வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

கிரைண்டரை இந்த விடுமுறை முடியும்வரை அதன் அட்டைப்பெட்டியிலேயே விட்டுவையுங்கள். உளி கூர் தாங்குவது கொல்லன் அதற்குக் கொடுத்த தோய்ச்சலால்தான், அதாவது சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்துக் கடினமாக்கியதால்தான். வேகமாகச் சுழலும் கல்லில் பிடித்தால் அதன் மெல்லிய விளிம்பு சில நொடிகளில் சூடேறி, ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகு இளகிவிட்டது என்று பொருள். அப்பகுதியை முழுவதும் தேய்த்துக் கழித்தாலொழிய அந்த உளியில் கூர் நிற்காது.

‘புதிதுபோல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்வேன். உளியின் கூர் என்பது சரிவான பக்கமும் தட்டையான முதுகும் சந்திக்கும் கோடு. முதுகில், விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குள் துரு குழி பறித்திருந்தால், சரிவை எவ்வளவு தீட்டினாலும் கூரில் பல் விழும். இழைத்த மரத்தில் கோடு கோடாகத் தெரியும். ஆகவே உங்கள் உழைப்பில் பெரும்பகுதி அந்த ஒரு விரல் அகலத்துக்கே உரியது. தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் விட்டு, முதுகு முழுவதும் படியுமாறு அழுத்தித் தேய்க்க வேண்டும். அதன் பிறகுதான் சாணைக்கல். மேலே, பிடிக்கு அருகில் இருக்கும் குழிகளும் கறுப்பும் வேலைக்கு எந்தத் தடையும் செய்வதில்லை. அவற்றைப் பளபளப்பாக்க முயன்றால், முத்திரை ஏதேனும் இருந்தால் அதுவும் சேர்ந்து அழிந்துபோகும்.

கஞ்சமலைக் கேள்விக்கும் அந்த முத்திரைதான் முதல் சான்று. அம்மலையில் காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது இருப்பது உண்மை. சேலம் வட்டாரத்தில் கரி உலைகளில் இரும்பு உருக்கியதும், 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நிறுவிய ஆலைக்கு இப்பகுதித் தாது சென்றதும் வரலாறு. ஆனால் உங்கள் தாத்தா காலத்து உளி அந்த இரும்பில் அடித்ததாக இருப்பது அரிது. துருவை நீக்கியபின் ஆங்கில எழுத்து முத்திரை தெரிந்தால் அது கடையில் வாங்கிய அலகு. முத்திரை ஏதும் இல்லாமல், தீட்டிய சரிவில் இரு நிறமாக ஒரு கோடு மட்டும் தெரிந்தால், மெத்தென்ற இரும்பின்மேல் எஃகுத் தகட்டை வைத்து உலையில் ஒட்டிய அலகு என்று அறியலாம். எனினும் எந்த மலையின் இரும்பு என்பதை அந்தக் கோடு சொல்லாது.

இனி துரு நீக்கம். குளியலறை கழுவும் ஆசிட் வேண்டாம். அது நல்ல இரும்பையும் தின்னும், அதன் ஆவி பட்டால் பக்கத்தில் இருக்கும் கருவிகளும் துருப்பிடிக்கும். உங்களிடம் இருப்பவை சில கருவிகளே என்பதால் வினிகரோ, தண்ணீரில் கரைத்த எலுமிச்சை உப்போ போதும். இரவு ஊறவைத்து, காலையில் கம்பி பிரஷால் தேய்த்து, சமையல் சோடா கலந்த நீரில் அலசி, உடனே துடைத்து வெயிலில் காயவைத்து எண்ணெய் பூசுங்கள். ஈரமாக விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்மை ஏறிவிடும். பனிமூட்டம் சூழும் ஏற்காட்டை விடச் சேலத்து மொட்டைமாடி இதற்கு வசதி. மர இழைப்புளியில் அலகை மட்டும் கழற்றி ஊறவையுங்கள், கட்டையை நனைக்காதீர்கள்.

மின்சார முறையும் நல்ல முறைதான், ஆனால் அதில் பிழைக்கு இடம் அதிகம். நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. சார்ஜரின் எதிர்முனை கருவியில், நேர்முனை வேண்டாத இரும்புத் துண்டில். முனை மாறினால் கருவியே கரையத் தொடங்கும். நேர்முனையில் பழைய எவர்சில்வர் கரண்டியை மாட்டும் யோசனை, எவர்சில்வர் ஆலை உள்ள நம் ஊரில் எளிதாக வரும். அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சு நீராகும் என்பதால் அதைச் செய்யவே கூடாது. சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டால் குளோரின் வாயு எழும். முறையாகச் செய்தாலும் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வெளிவரும். திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும், தொட்டிக்குள் கை வைக்குமுன் சுவிட்சை அணைக்க வேண்டும். குழந்தையோடு செய்யும் வேலைக்கு நான் வினிகரையே தேர்வேன். பிரஷ் போடும்போது இருவரும் கண்ணாடி அணியுங்கள்.

காப்புக்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் ஏற்காட்டு மார்கழியில் உறைந்துபோகும், நாளடைவில் பிசுக்கும் பிடிக்கும். பிடிகளுக்கு வார்னிஷ் அடிக்காமல் ஆளிவிதை எண்ணெய் தேயுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், விரித்துக் காயப்போடுங்கள். ஆயுத பூஜையில் வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் மறுநாளே துடைத்துவிடுவது கருவிகளுக்கு அவமரியாதை ஆகாது. அந்த ஈரப்பொட்டின் அடியில்தான் பல உளிகளில் துரு தொடங்குகிறது. உர மூட்டைக்குப் பக்கத்தில் மீண்டும் வைக்காதீர்கள், பொட்டாஷ் உரம் உப்பைப் போலவே இரும்பை அரிக்கும்.

மகள் கவாத்துக் கத்தரியிலிருந்து தொடங்கட்டும். அதன் சுருள்வில்லை மட்டும் ஊறவைக்காமல் மண்ணெண்ணெயில் துடைத்தெடுங்கள், ஏனெனில் அமிலத்தில் ஊறிய கடின வில் நொறுங்கும் தன்மை பெறலாம். அலகில் சரிவான பக்கத்தைத்தான் தீட்ட வேண்டும். தட்டைப் பக்கத்தில் சரிவு விழுந்தால் இரண்டு அலகுகளுக்கிடையே சந்து உண்டாகிக் கிளையை வெட்டாமல் நசுக்கும். காபிப் பழம் பறித்து முடிந்ததும் கவாத்து வரும், அப்போது தோட்டம் வைத்திருக்கும் யாரிடமாவது கொடுத்து வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.