சனிக்கிழமை வகுப்பு வைக்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

(லாவோஸ் மலைகளிலிருந்து அகதிகளாக வந்து அமெரிக்காவில் இருக்கும் ஹ்மாங் குடும்பங்களோடு வேலை செய்வது பற்றி இந்த முறை ஐந்து கேள்விகள். பதில் சொல்பவர் மினசோட்டாவில் அவர்களுடைய சமூக மையம் ஒன்றில் பதினோரு வருடம் நிகழ்ச்சிப் பொறுப்பாளராக இருந்தவர்.)

அக்கா, நான் திருச்சிக்காரி. மூன்று மாதம் முன்பு இங்கே ஒரு ஹ்மாங் மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பெரியவர்களுக்கு ஸ்மார்ட்போன் வகுப்பு என்று இரண்டு மொழியிலும் நோட்டீஸ் அடித்து, நாற்பது பேருக்குச் சாப்பாடும் சொல்லிவைத்தேன். சனிக்கிழமை வந்தது இரண்டு பேர், அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர். எங்கே தப்பு?
— ஒரு வாசகி, செயின்ட் பால், மினசோட்டா

கிழமையில்தான் தப்பு. நானும் முதல் வருடம் இதே மாதிரி முப்பது பொட்டலம் சோற்றை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஹ்மாங் சாவுச் சடங்கு ஒரு நாளில் முடிகிற விஷயம் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை தொடங்கி, ராப்பகலாக நடந்து, திங்கட்கிழமை அடக்கம். அதில் 'தலையைக் காட்டிவிட்டு வருகிறேன்' என்பதெல்லாம் கிடையாது, ஆளுக்கொரு வேலை இருக்கும். சமையலுக்கு ஒரு கூட்டம், மேளத்துக்கு ஆள், வந்தவர்களைக் கவனிக்க ஆள், இறந்தவருக்கு எரிக்கிற காகிதப் பணத்தைப் படகு மாதிரி மடித்துக்கொண்டே இருக்கும் பெண்கள். அவர்களுக்குள் பதினெட்டு குலம் என்று கணக்கு. ஒரே குலம் என்றால் பங்காளி, கல்யாணம் செய்யக் கூடாது. அதனால் ஒரு வீட்டில் சாவு என்றால் பங்காளிகள் ஒரு பக்கம், மாமன் மச்சான் வகையறா இன்னொரு பக்கம் என்று உங்கள் பதிவேட்டில் பாதி காலி.

வகுப்பைச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மாற்றுங்கள். நோட்டீஸ் அடிக்கிற காசை மிச்சம் பிடியுங்கள். வயதானவர்கள் பலருக்கு ஆங்கிலமும் படிக்க வராது, சொந்த மொழி எழுத்தும் வராது. காதால்தான் எல்லாம். போனில் ஒரு எண்ணை அழைத்தால் ரேடியோ மாதிரி பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும் ஹ்மாங் தொலைபேசி நிகழ்ச்சிகள் இருக்கின்றன, பாட்டிமார்கள் தோட்டத்தில் களை எடுத்தபடியே நாள் முழுக்கக் கேட்பார்கள். அதில் ஒருவர் இரண்டு நிமிடம் சொன்னால் போதும்.

அப்புறம், பதிவேடு என்றதும் ஞாபகம் வருகிறது. பலருக்கும் பிறந்த நாள் ஜனவரி 1 என்று இருக்கும், அகதி முகாமில் யாரோ எழுதிக்கொண்ட தேதி அது. கணினி 'இரட்டைப் பதிவு' என்று கத்தினால் நம்பி அழித்துவிடாதீர்கள். கல்யாணமானாலும் பெண்கள் பெரும்பாலும் பிறந்த குலத்தின் பெயரையே வைத்துக்கொள்வார்கள், ஆகவே அம்மாவுக்கு ஒரு குடும்பப் பெயர், பிள்ளைக்கு வேறு. வேறு வேறு குடும்பம் என்று பிரித்துப் போட்டால் உதவித்தொகைக் கணக்கு கந்தலாகிவிடும்.

இந்த மக்கள் யார்? மலைவாசிகள் என்கிறார்கள், அப்புறம் எப்படி மினசோட்டா மாதிரி பனிக்காட்டுக்குப் போனார்கள்?
— ஒரு வாசகர், மதுரை

தென் சீன மலைகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் லாவோஸ், வியட்நாம் பக்கம் இறங்கியவர்கள். வியட்நாம் போர்க்காலத்தில் லாவோஸில் அமெரிக்க உளவுத்துறை சிஐஏ வெளியே சொல்லாமல் நடத்திய போரில், ஜெனரல் வாங் பாவின் தலைமையில் ஹ்மாங் ஆண்களும் பையன்களும் கம்யூனிஸ்ட் படைகளை எதிர்த்துச் சண்டை போட்டார்கள். 1975 மே மாதம் அவர்கள் தரப்பு தோற்று, எல்லாம் கவிழ்ந்தது. அதிகாரிகள் சிலரை மட்டும் விமானத்தில் ஏற்றினார்கள், மற்றவர்கள் காட்டு வழியாக நடந்து மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்குப் போனார்கள். கடைசிப் பெரிய கூட்டம் 2004 வாக்கில் தாய்லாந்தில் வாட் தாம் கிராபோக் என்ற இடத்திலிருந்து வந்தது. மினசோட்டாவுக்கு யாரும் குளிருக்கு ஆசைப்பட்டு வரவில்லை. அங்கே இருந்த தேவாலயங்கள் பொறுப்பேற்று அழைத்தன, ஒரு சித்தப்பா வந்தால் பின்னாலேயே நான்கு குடும்பம் வரும், அவ்வளவுதான். கலிபோர்னியாவில் இன்னும் அதிகம் பேர் இருக்கிறார்கள்.

எங்கள் மையத்தில் பிள்ளைகள் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். பண்பாட்டு வகுப்பு என்றால் நடனம் மட்டும் ஓடுகிறது, நிதி கொடுப்பவர்களுக்கும் அதுதான் பிடிக்கிறது. வேறு என்ன செய்யலாம்?
— ஒரு தன்னார்வலர், மில்வாக்கி

நடனத்தை நிறுத்தாதீர்கள், பிள்ளைகள் கதவுக்குள் வருவதே அதற்காகத்தான். ஆனால் என்னைக் கேட்டால், 'கேங்' வகுப்பு இல்லாத ஹ்மாங் மையம் அரை மையம்தான்.

கேங் என்பது ஆறு மூங்கில் குழாய்களை ஒரு மரக்குடுவையில் செருகிய வாத்தியம். ஊதினாலும் ஒலிக்கும், மூச்சை உள்ளே இழுத்தாலும் ஒலிக்கும். ஊதுகிறவர் குனிந்து, ஒற்றைக்காலில் சுழன்று வட்டம் போட்டபடி ஊதுவார். இதில் விசேஷம் என்னவென்றால், அது ராகம் மட்டும் இல்லை, பேச்சு. ஹ்மாங் மொழியில் தொனி மாறினால் அர்த்தம் மாறும். 'போ' என்ற ஒரே அசை, குரலை ஏற்றி இறக்குவதைப் பொறுத்துப் பந்து, எறி, முள், பார், மண்ணீரல், அப்பாயி என்று ஆகும். புத்தாண்டில் பையன்களும் பெண்களும் எதிரெதிரே நின்று பந்து போட்டுப் பிடிக்கும் விளையாட்டுக்குப் பெயரே 'போ போ'தான், முதல் போ எறிவது, இரண்டாவது பந்து. இந்தத் தொனிகளைத்தான் கேங் ஊதுகிறது. சாவு வீட்டில் அது இறந்தவரிடம் பேசுகிறது. உயிர் தான் வாழ்ந்த ஊர் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய், கடைசியில் பிறந்த வீட்டில் நஞ்சுக்கொடி புதைத்த இடத்தை அடைய வேண்டும் என்பது நம்பிக்கை. வழி சொல்லும் பாட்டில் செயின்ட் பாலும் வரும், தாய்லாந்து முகாமும் வரும், லாவோஸ் மலைக்கிராமமும் வரும்.

எங்களிடம் ஒரு பையன், பதினாலு வயது, மொழி வகுப்பென்றால் கொட்டாவி விடுவான். கேங் வாத்தியார், அவனுக்குத் தாத்தா முறை, ஒரு வரியை ஊதிக் காட்டிவிட்டு அதையே வாயால் சொன்னார். குழாயிலிருந்து வந்தது வார்த்தை என்று அவனுக்கு உறைத்த அந்த நிமிடத்தை நான் பார்த்தேன், கன்னத்தில் காற்றை அடைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அதற்கப்புறம் அவனாகவே அர்த்தம் கேட்க ஆரம்பித்தான்.

ஒரு எச்சரிக்கை. சாவுப் பாட்டை வீட்டுக்குள் பழகுவதைப் பெரியவர்கள் பலர் ஒப்ப மாட்டார்கள், நம் ஊரில் சும்மா ஒப்பாரி வைத்தால் அடிக்க வர மாட்டார்களா, அந்த மாதிரி. இடத்தையும் பாட்டையும் வாத்தியாரே முடிவு செய்யட்டும். நிதி கொடுப்பவர் வந்து 'ஒரு சின்ன டெமோ' என்று கேட்டால் வாத்தியாரைத்தான் கைகாட்ட வேண்டும், நீங்கள் தலையாட்டாதீர்கள்.

எழுத்து சொல்லிக் கொடுப்பதானால் இன்னொன்று. 1950களில் லாவோஸில் பாதிரியார்கள் ரோமன் எழுத்தில் அமைத்த முறைதான் இப்போது பரவலாக ஓடுகிறது. அதில் சொல்லின் கடைசியில் நிற்கும் பி, ஜே, வி, எஸ் எல்லாம் ஒலி இல்லை, தொனிக் குறி. நான் வருகைப் பதிவேட்டைக் கடைசி எழுத்து வரை உச்சரித்து வாசித்து ஒரு அறையையே சிரிக்க வைத்தவள்.

நான் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். சர்க்கரை நோய் முகாமுக்கு 'சரி, சரி' என்கிறார்கள், வருவதில்லை. பேயோட்டுபவரிடம் போகிறார்கள் என்று சக ஊழியர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.
— ஒரு வாசகி, ஃப்ரெஸ்னோ

முதலில் அந்தப் 'பேயோட்டுபவர்' என்ற சொல்லை விடச் சொல்லுங்கள். 'ட்சி நெங்' என்பவர் வழிதவறிய உயிரைத் தேடி அழைத்து வருபவர். வேறெங்கோ இல்லை, உங்கள் பக்கத்து ஊரான மெர்செட்டில் ஒரு மருத்துவமனை இவர்களுக்கு முறைப்படி அனுமதி கொடுத்து நோயாளி பக்கத்தில் உட்கார விட்டிருக்கிறது. அவர்களையே முகாமுக்கு அழையுங்கள், டாக்டர் சொன்னதை அவர்கள் திருப்பிச் சொன்னால் நடக்கும். 'சரி' என்பதும் சம்மதம் இல்லை, முகத்துக்கு நேரே மறுக்காத மரியாதை. யாரைக் கேட்டு முடிவு செய்வீர்கள் என்று கேட்டு, அந்த அண்ணனையோ மாமாவையோ அழையுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அப்பாவின் நோயைப் பத்து வயதுப் பெண் வாயால் சொல்ல வைப்பது பாவம்.

மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டியிருந்தால் கேட்காமல் வெட்டவே கூடாது. உயிரைக் கட்டிவைத்த நூல் அது. பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் மூலிகை போட்ட கோழிச்சாறும் சோறும்தான் சாப்பிடுவாள். பத்தியம் என்று நமக்குத் தெரியும், அதை நீங்கள் உங்கள் ஆட்களுக்குச் சொல்லலாம்.

வீட்டில் அடி வாங்கிய ஒரு ஹ்மாங் பெண்ணுக்கு எங்கள் குழு உதவியது. குலத்துப் பெரியவர்கள் 'நாங்கள் பேசித் தீர்க்கிறோம், நீங்கள் தலையிடாதீர்கள்' என்கிறார்கள். பண்பாட்டை மதிப்பதா, பெண்ணைப் பார்ப்பதா?
— பெயர் வேண்டாம்

பெண்ணைப் பாருங்கள். குலப் பஞ்சாயத்து நிலத் தகராறையும் கல்யாணச் செலவுச் சண்டையையும் அழகாகத் தீர்க்கும், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அடி வாங்கியவளை அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பும் பேச்சுக்கு உங்கள் மையத்தின் அறையைக் கொடுக்காதீர்கள். இதை வெளியாள் நீங்கள் சொன்னால் எடுபடாது என்பதும் உண்மை. ஹ்மாங் பெண்களே இதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் நிர்வாகக் குழுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2002இலேயே மீ மூவா என்ற ஹ்மாங் பெண் மினசோட்டா செனட்டுக்குப் போய்விட்டார். உங்கள் குழுவில் இன்னும் எட்டு ஆண்களும் ஒரு பொருளாளர் அம்மாவும் என்றால், முதல் வேலை அதுதான்.