கரை இறங்கும் நாள்

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் மாலைதீவுக்குப் போய் நான்கு நாள் சஃபாரி படகில் சுற்றப்போகிறோம். மூன்றாம் நாள் ஆட்கள் குடியிருக்கிற ஒரு சின்னத் தீவில் காலையில் இறக்கி, பின்னேரம்தான் ஏற்றுவார்களாம். கணவரும் பிள்ளைகளும் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்கப் போய்விடுவார்கள். 68 வயது மாமியோடு நான் அங்கே நாள் முழுக்க என்ன செய்வது?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, அந்தப் படகில் கொடுத்துவைத்த ஆட்கள் நீங்களும் மாமியும்தான். கப்பல் குசினியில் 22 வருடம் வெந்தவன் சொல்கிறேன், கரை இறங்கும் நாளில் ஒன்றும் செய்யாமல் இருங்கள். மாலைதீவில் அதற்கென்றே கதிரை செய்து வைத்திருக்கிறார்கள். ஜோலி என்பார்கள். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கயிற்றால் பின்னிய வலை. மூன்று நான்கு ஒன்றாக ஒட்டி, கடற்கரை மரநிழலில் வரிசையாக நிற்கும். உட்கார்ந்தால் உடம்பு பாதி உள்ளே போய்விடும். மாமியை உட்காரவைப்பது சுலபம், எழுப்பத்தான் இரண்டு பேர் வேண்டும்.

அன்றைக்குக் காலைச் சாப்பாட்டைப் படகில் முடித்துவிடாதீர்கள். கரையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் மஸ் ஹுனி கேளுங்கள். சூரை மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், தேசிப்புளி எல்லாம் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய ரொட்டியோடு தருவார்கள். முதல் வாயிலேயே மாமி, "இது எங்கட சம்பலெல்லோ" என்பார். சரிதான். நாம் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசி அங்கேயிருந்துதான் காலங்காலமாகக் கொழும்புக்கு வந்தது. அவர்கள் மொழியில் மஸ் என்றால் மீன். சூரையை உப்புத் தண்ணீரில் அவித்து, புகை பிடிக்கவிட்டு, மரக்கட்டை மாதிரி ஆகும்வரை வெயிலில் காயவைப்பார்கள். அவித்த தண்ணீரையும் ஊற்றிவிடுவதில்லை. வற்ற வற்றக் காய்ச்சி, ரிஹாக்குரு என்று ஒரு கறுத்த களி எடுப்பார்கள். அதன் மணத்துக்குப் பயந்து மூன்று பயணம் நான் கிட்டப் போகவில்லை. நான்காம் பயணத்தில் ஒரு போத்தல் வாங்கிவந்தேன். மனைவி அதை வீட்டுக்குள் ஏற்றவில்லை, வெளி விறாந்தையில்தான் இருந்தது.

மாமிக்குச் சிங்களம் தெரிந்தால் கடைக்காரரோடு எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இவர் எக்க, தெக்க, துன, ஹதர என்றால், அவர் எகே, தே, தினே, ஹதரே என்பார். அரை மணி நேரம் சிரிப்பில் போகும்.

அந்த மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமையா என்று மட்டும் இப்போதே பாருங்கள். நான் ஒருமுறை வெள்ளி மத்தியானம் இறங்கினேன். தொழுகை நேரம், ஒரு கடைகூடத் திறந்தில்லை. தெருவில் நின்று முழித்ததைப் பார்த்த ஒரு வீட்டுக்கார அம்மாதான் தண்ணீர் தந்தார். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு போதும். மாமிக்கு அது பிரச்சினையே இல்லை, பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். நீச்சல் உடுப்பு, அதற்கென்று ஒதுக்கிய கரையில் மட்டும்தான். பவளக்கல் பொறுக்கிக் கொண்டுவரவும் கூடாது, சட்டப்படி தடை. மாசி வாங்குங்கள், அதுதான் உருப்படியான சாமான்.

அப்புறம், மாலைதீவு நேரம் நம்முடையதைவிட அரை மணி பின்னால். உங்கள் போன் தானாக மாறிவிடும், மாமியின் மணிக்கூடு மாறாது. பின்னேரம் நாலரைக்குப் படகு என்றால் அவர் நாலு மணிக்கே இறங்குதுறைக்கு இழுப்பார். ஜோலியில் இருந்து எழுப்பச் செல்லும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் அதுவும் நல்லதுக்குத்தான்.

கேள்வி: இரண்டு மூன்று நாள் படகில் இருந்துவிட்டு இறங்கினால் கரையும் ஆடுகிறதே, ஏன்?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: படகு ஆட ஆட, அதற்கு ஏற்றபடி உடம்பை நிறுத்த மூளை பழகிவிடுகிறது. இறங்கியவுடன் அந்தப் பழக்கத்தை விடாது. அநேகமாகச் சில மணித்தியாலத்தில் சரியாகும், மிஞ்சினால் இரண்டொரு நாள். வாரக்கணக்கில் இழுத்தால் வைத்தியரிடம் போங்கள். கண்ணை மூடினால் ஆட்டம் கூடும் என்பதால், வீடு வந்த அன்றைக்குத் தலைக்குச் சோப்புப் போடும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் குளியலறைக் கொடிக்கம்பி இரண்டு முறை அறுந்தது அப்படித்தான்.