ஒரே மாத்திரை எப்படி மிகையானது?

கேள்வி: என் தந்தைக்கு 71 வயது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது. ரத்த அழுத்தத்துக்காகப் பல ஆண்டுகளாகக் காலையில் அட்டினோலால் 50 மி.கி. ஒன்று மட்டும் சாப்பிட்டு வந்தார். சென்ற மாதம் மூன்று நாள் வயிற்றுப்போக்குக்குப் பின் தலைசுற்றி விழுந்தார். நாடித்துடிப்பு 36 என்றும், மாத்திரை உடலில் தேங்கிவிட்டது என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள். கூடுதலாக ஒன்றும் விழுங்காதவருக்கு இது எப்படி நேர்ந்தது?
– வாசகி, திருச்சி

பதில்: உட்சென்ற அளவு மாறவில்லை, வெளியேறிய அளவுதான் குறைந்தது. அட்டினோலால், இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்து. இவ்வகையில் மெட்டோப்ரோலால், கார்வெடிலால் போன்றவற்றைக் கல்லீரல் சிதைத்துவிடும். அட்டினோலாலோ பெரும்பாலும் சிதையாமல் சிறுநீரகம் வழியாகவே வெளியேற வேண்டும். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு 6, 7 மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். சிறுநீரகம் கடுமையாகப் பழுதுபட்டவருக்கு அதற்கே ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். நேற்றைய மாத்திரை பாதிக்கு மேல் மீதமிருக்கையில் இன்றைய மாத்திரையும் சேர்ந்துகொள்கிறது.

வயிற்றுப்போக்கில் நீரிழப்பு ஏற்பட்டுச் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்திருக்கும். இதயம் மெதுவாகத் துடிக்கத் துடிக்க அந்த ரத்தம் மேலும் குறையும், பொட்டாசியம் ஏறும், ஏறிய பொட்டாசியம் இதயத்தை இன்னும் மெதுவாக்கும். மருத்துவர்கள் 'பிராஷ்' என்று அழைக்கும் இந்தச் சுழலில், மருந்தின் அளவு மிக அதிகமாக இல்லாதபோதும் ஒருவர் சிக்கிக்கொள்ள முடியும்.

இத்தகைய நிலையில், துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் ஊசி பல வேளைகளில் போதாது. கால்சியம், குளுக்ககான், குளுக்கோஸுடன் மிகுந்த அளவு இன்சுலின், தேவையானால் தற்காலிக பேஸ்மேக்கர் என்று சிகிச்சை விரியும். அட்டினோலால் நீரில் கரைவதால் டயாலிசிஸில் வெளியேறும். இதே வகையைச் சேர்ந்த ப்ராப்ரனலால் அப்படி வெளியேறாது.

ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தசைக் கழிவு) 1.4 என்பதுபோலச் சற்றே கூடியிருந்தால், அந்த எண்ணை மட்டும் பார்த்து ஆறுதல் கொள்ளாதீர்கள். தசை குறைந்த மெலிந்த முதியவரிடம் அது ஏமாற்றும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிட்டுச் சொல்லுமாறு மருத்துவரிடம் கேளுங்கள். அது நிமிடத்துக்கு 35 மி.லி.க்குக் கீழே இருந்தால் நாளொன்றுக்கு 50 மி.கி.யும், 15-க்குக் கீழே இருந்தால் 25 மி.கி.யும்தான் அட்டினோலாலின் உச்ச வரம்பு. மருந்தை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரக்கூடும்.

இனி அவருக்கு இவ்வகை மருந்து எதைக் கொடுத்தாலும், மாத்திரைக்கு முன் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் துடிப்பை எண்ணுங்கள். 50-க்குக் கீழே இருந்தாலோ, வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்தாலோ, மருத்துவரைக் கேட்ட பிறகே மாத்திரையைக் கொடுங்கள்.