பணம் திரும்பி வந்தது, தூக்கம் போனது

அன்புள்ள மேடம்,

மும்பை சயானில் எங்களுக்கு ஒரு ரூம்-கிச்சன் வீடு. திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் பரேல் டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வந்தால் எங்களோடுதான் தங்குவார்கள். இந்தி தெரியாதவர்களோடு கூடவே போய், வரிசையில் நின்று, டாக்டரிடம் பேசி, கஞ்சி வைத்துக் கொடுத்து அனுப்புவேன். ஊருக்குப் போனபின் ஒரு போன் கிடையாது. பெரியப்பா மகன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்ததோடு சரி. நான் எதையும் எதிர்பார்க்கவில்லை, ஆனால் ஒரு போன்கூடவா? இங்கேயே இருக்கும் என் தங்கை, அவள் மகன் காலேஜுக்கு நான் கொடுத்த நாற்பதாயிரத்தை, நான் கேட்காமலே போன மாசம் ஜிபேயில் திருப்பி அனுப்பிவிட்டாள்; அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை, இன்னும் பதில்கூடப் போடவில்லை, அது வேறு கதை. இப்போது சைக்காலஜி படிக்கும் மகள், "எல்லா உதவியும் சுயநலம்தாம்மா, நீ உன் திருப்திக்குச் செய்யறே" என்கிறாள். நானா சுயநலக்காரி? ஒரு போன்கூட இல்லையே மேடம்.

- வாசகி, மும்பை

அன்புச் சகோதரி,

அந்த "வேறு கதை"யைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நன்றி மறந்தவர்கள்மேல் கோபம், சரி. மறக்காமல் திருப்பிக் கொடுத்தவளும் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறாள் என்றால், யார் என்ன செய்தால் உங்களுக்கு நிம்மதி?

மகளின் வாதம் பாதிதான் சரி. 1981இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் பேட்சன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பெண் மின் அதிர்ச்சி வாங்கித் துடிப்பதுபோலக் காட்டி, பார்ப்பவர்கள் சீக்கிரமே எழுந்து போகவும் வழி விட்டார்கள். அவள்மேல் இரக்கம் மிகுந்தவர்களில் பெரும்பாலோர் போகவில்லை. மீதி அதிர்ச்சியைத் தாங்களே வாங்கிக்கொள்ள முன்வந்தார்கள். அதிலும் சுயநலம் உண்டென்று வாதாடியவர்கள் உண்டு, அந்தச் சண்டை கிடக்கட்டும். பரேலில் பயந்து நிற்பவரின் ஃபைலை வாங்கிக்கொண்டு நடக்கும் அந்த நேரத்தில் உங்கள் மனதில் கணக்கு இருக்காது. அது அசல்.

கணக்கு பிறகுதான் ஆரம்பிக்கிறது. வந்தவர்கள் என்றைக்கும் உங்களுக்குக் கடமைப்பட்டவர்களாகவே இருக்க வேண்டும் என்று எங்கோ ஓர் ஆசை. தங்கை அதிலிருந்து விடுபட்டுவிட்டாள். வலித்தது அதுதான் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த விஷயத்தில் நான் தங்கை பக்கம். பல நாள் சேர்த்து, தலைநிமிர்ந்து அனுப்பியிருப்பாள். நீங்களோ மௌனத்தால் அவளைத் தண்டிக்கிறீர்கள். ஊர்க்காரர்கள் போன் செய்யாததைக் குறை சொல்கிற நீங்கள், அவளுக்கு ஒரு வரி எழுதவில்லை.

இன்றைக்கே அவளைக் கூப்பிடுங்கள். அடுத்தமுறை ஊரிலிருந்து ஆள் வரும்போது ஒருவேளைச் சாப்பாட்டை அவளைச் செய்து தரச் சொல்லுங்கள். "வேண்டாம், நானே பார்த்துக்கறேன்" என்று நாக்கு நுனிவரை வரும். அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.