அப்பாவின் கண் சொட்டு மருந்தை நாய்க்கு விடலாமா?

கேள்வி: எங்கள் பக் நாய்க்கு மூன்று வயது. செடிக்குள் புகுந்து விளையாடியதில் கண்ணில் ஏதோ குத்திவிட்டது. டாக்டர் சாயம் விட்டுப் பார்த்து, கார்னியாவில் புண் என்று சொல்லி இரண்டு சொட்டு மருந்தும் ஒரு ஆயின்மென்ட்டும் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து நிமிடம் விட வேண்டுமாம். இவன் பிடிகொடுக்காமல் ஓடுகிறான், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட்டால் என்ன? அப்புறம், அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சம் இருக்கிறது. எக்ஸ்பைரி தேதி இன்னும் வரவில்லை. அதை விடலாமா? கண் நீலம் பூத்த மாதிரி மங்கலாக இருக்கிறது, பயமாக இருக்கிறது.

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மருந்தை விடாதீர்கள், ஒரு சொட்டு கூட வேண்டாம். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும், பிரட்னிசோலோன் அல்லது டெக்ஸாமெதசோன் என்று லேபிளில் பார்க்கலாம். எக்ஸ்பைரி தேதி என்பதும் திறக்காத பாட்டிலுக்குத்தான், திறந்த கண் மருந்தை வழக்கமாக நான்கு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது.

அப்பாவுக்கு நல்லது செய்த மருந்து நாய்க்கு மட்டும் ஏன் ஆகாது என்று கேட்பீர்கள். காரணம் நாய் என்பதல்ல, புண் என்பதுதான்.

கறுப்பு வட்டத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி கவிழ்ந்திருக்கிறதே, அதுதான் கார்னியா. நாய்க்கு அதன் மொத்தத் தடிமனே அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதற்குள் நான்கு அடுக்குகள். மேலே எபிதீலியம் என்கிற மெல்லிய தோல், அதன் மேல்வரிசைச் செல்கள் ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழே ஸ்ட்ரோமா. தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு இதுதான், முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், மீதி பெரும்பாலும் கொலாஜன் இழைகள், அவை வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருப்பதால்தான் வெளிச்சம் சிதறாமல் உள்ளே போகிறது. அதற்கும் கீழே டெஸ்மெட் படலம், கடைசியில் ஒரே ஒரு வரிசைச் செல்களாக எண்டோதீலியம். (மனிதக் கண்ணில் எபிதீலியத்துக்கும் ஸ்ட்ரோமாவுக்கும் நடுவில் போமன் அடுக்கு என்று ஒன்று உண்டு, நாய்க்கு அது கிடையாது.)

இதில் ரத்தக் குழாயே இல்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் கண்ணீரில் கரைந்து வருகிறது, சர்க்கரை கண்ணுக்குள்ளே, கார்னியாவுக்குப் பின்னால் இருக்கும் நீரிலிருந்து வருகிறது. அதனால்தான் மாத்திரையை மட்டும் நம்பாமல் நேராகக் கண்ணிலேயே மருந்து விடுகிறோம்.

ஆனால் விட்ட மருந்து எளிதில் உள்ளே போய்விடாது. எபிதீலியம் எண்ணெய்ப் பசை உள்ள கதவு, தண்ணீரில் மட்டும் கரைகிற பொருளை அனுமதிக்காது. ஸ்ட்ரோமாவோ தண்ணீர்க் காடு, எண்ணெயில் மட்டும் கரைகிற பொருள் அங்கே திணறும். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் கரைகிற மருந்துதான் கடந்து போகும். குளோராம்பெனிகால் அப்படிப்பட்டது. ஜென்டாமைசின், டோப்ராமைசின் போன்றவை நல்ல கார்னியா வழியாகச் சரியாகப் போகாது, ஆனால் புண் உள்ள இடத்தில் தாராளமாகப் போகும். ஏனென்றால் அங்கே கதவே இல்லை.

டாக்டர் விட்ட சாயமும் இதே விதிப்படிதான் வேலை செய்கிறது. ஃப்ளோரசின் தண்ணீரில் கரைவது. எபிதீலியம் நன்றாக இருந்தால் கழுவியதும் போய்விடும், தோல் உரிந்திருந்தால் ஸ்ட்ரோமாவில் ஊறி, நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். இங்கே ஒரு ஆபத்து உண்டு. டெஸ்மெட் படலம் இந்தச் சாயத்தைப் பிடிக்காது. ஆழமான புண்ணில் ஓரமெல்லாம் பச்சையாகவும் நடுவில் மட்டும் நிறமில்லாமலும் இருந்தால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை, ஸ்ட்ரோமா முழுவதும் போய் கண் ஓட்டையாகப் போகிறது என்று அர்த்தம்.

இப்போது ஸ்டீராய்டுக்கு வருவோம். கதவில்லாத இடத்தில் அது நேராக ஸ்ட்ரோமாவில் இறங்கும். புண்ணை மூட ஓரத்திலிருந்து நகர்ந்து வரும் செல்களைத் தாமதப்படுத்தும், கிருமியை எதிர்க்கும் பலத்தைக் குறைக்கும், கொலாஜனைக் கரைக்கிற நொதிகளின் கையை ஓங்கவிடும். சில வருடங்களுக்கு முன் ஒரு ஷிட்சூ நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், வீட்டில் இருந்த பழைய சொட்டு மருந்தை மூன்று நாள் விட்டிருக்கிறார்கள், கார்னியா ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி உருகிக் கொண்டிருந்தது. அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் அன்போடுதான் விட்டார், அதை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது.

சரி, பத்து நிமிட விஷயம். ஒரு சொட்டு என்பது சுமார் 40, 50 மைக்ரோலிட்டர். கண் இமைக்குள் நிற்கும் இடமோ அதைவிடக் குறைவு. முதல் சொட்டிலேயே ஒரு பங்கு கன்னத்தில் வழியும், இன்னொரு பங்கு கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் போகும் (சில மருந்து விட்டதும் நாய் நாக்கைச் சப்புவது அதனால்தான்). உள்ளே சேர்வது நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவு. அதற்குள் அடுத்ததை ஊற்றினால் முதல் மருந்தைக் கழுவி வெளியே தள்ளியதாகத்தான் ஆகும். பத்து நிமிடம் முடியவில்லையென்றால் ஐந்து நிமிடமாவது விடுங்கள். இரண்டு சொட்டு விட்டால் இரட்டிப்புப் பலன் என்பதும் கிடையாது, ஒன்றே போதும். ஆயின்மென்ட் கடைசியில்தான், முதலில் தடவிவிட்டால் அதன் பசைக்கு மேல் சொட்டு மருந்து வழுக்கிப் போய்விடும்.

பிடிப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். சுவரோரம் உட்காரவைத்து, பின்னாலிருந்து அணைத்து, தாடையை மட்டும் மெல்ல உயர்த்தி, தலைக்கு மேலிருந்து பாட்டிலைக் கொண்டு வாருங்கள், முகத்துக்கு நேராகக் கொண்டுபோனால் எந்த நாயும் ஓடத்தான் செய்யும். பாட்டில் முனை கண்ணில் படக் கூடாது. பக் நாயின் கழுத்தை மட்டும் இறுக்கிப் பிடிக்காதீர்கள், அந்த இனத்துக்குக் கண்குழி ஆழம் குறைவு, அழுத்தத்தில் கண்ணே வெளியே பிதுங்கிவிடலாம். ஒவ்வொரு சொட்டுக்கும் பிறகு பிடித்த தின்பண்டம் கொடுங்கள், இரண்டு நாளில் அதுவே பழகிவிடும். கண்ணைச் சொறியாமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு காலரைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

அந்த நீல மங்கல், ஸ்ட்ரோமாவுக்குள் தண்ணீர் புகுந்ததால் வந்தது. எபிதீலியம் வெளியிலிருந்து கண்ணீரைத் தடுக்கும், எண்டோதீலியம் உள்ளேயிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கும். இப்போது மேல் கதவு உடைந்திருப்பதால் இழைகள் உப்பி வரிசை கலைந்திருக்கிறது. புண் மூடினால் மெல்லத் தெளியும். ஆனால் மங்கல் மஞ்சளாக மாறினாலோ, கொழகொழவென்று தெரிந்தாலோ, பள்ளம் ஆழமானாலோ, கண்ணிலிருந்து திடீரென்று நீர் கொட்டினாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வலிக்கிற மாதிரி தெரியவில்லையே என்று ஆறுதல் அடையாதீர்கள், பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்குக் கார்னியாவில் உணர்ச்சியே குறைவு.

மேலோட்டமான புண் பொதுவாக ஒரு வாரத்துக்குள் மூடிவிடும். மூடவில்லையென்றால் மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு முன், நாய்க் கண்ணின் உள் மூலையில் இருக்கும் மூன்றாவது இமைக்குப் பின்னால் முள்ளோ விதையோ ஒளிந்திருக்கிறதா, முடி உரசுகிறதா, கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். செடிக்குள் புகுந்து வந்த நாய் என்பதால், எனக்கு முதல் சந்தேகம் அந்த மூன்றாவது இமை மேல்தான்.