இரண்டாவது பக்கற்றை யார் வாங்குகிறார்?

வணக்கம் ஐயா,

யாழ்ப்பாணம் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணக்கீடு படிப்பிக்கிறேன். 12ஆம் தரப் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து வறுத்த மிளகாய்த்தூள் செய்து பக்கற்றில் அடைத்து விற்கப்போகிறார்கள். அதில் ஒரு பிள்ளையின் அம்மா தூளுக்குப் பெயர்பெற்றவர். அவர்களின் வீட்டில்தான் வேலை நடக்கும். என்னை வழிகாட்டியாக இருக்கச் சொல்கிறார்கள். இலாபநட்டக் கணக்கு படிப்பிக்கிறேனே தவிர, ஒரு பெட்டிக்கடைகூட நடத்தியதில்லை. ரொறொன்ரோவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் இரண்டு இலட்சம் ரூபா தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? நான் எவ்வளவு தூரம் தலையிடலாம்? படிப்புக் கெட்டுவிடும் என்று இரண்டு பெற்றோர் பயப்படுகிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

இரண்டு இலட்சத்தை இப்போது வாங்கவேண்டாம். நன்றி சொல்லி, ஆறு மாதம் கழித்துக் கேட்பதாகச் சொல்லுங்கள். கையில் பெரிய காசு வந்தால் பிள்ளைகள் முதலில் செய்வது, பெயர் அச்சடித்த பை இரண்டாயிரம் ஓடர் கொடுப்பது. பிறகு விலை மாறும், பக்கற்றின் அளவு மாறும், பைகள் அலுமாரியில் கிடக்கும். ஆளுக்கு 2,000 ரூபா போட்டு 10,000 ரூபாவில் தொடங்கட்டும். முழுவதும் போனாலும் எந்த வீடும் ஆட்டம் காணாது. தங்கள் காசு என்பதால் கவனமும் இருக்கும்.

எங்கள் ஊரில் பிள்ளைகளின் வியாபாரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அன்புதான். அம்மா கூலியில்லாமல் வறுத்துக் கொடுப்பார். மாமி தேவையில்லாமலே இரண்டு பக்கற் வாங்குவார். வெளிநாட்டில் இருப்பவர் காசு அனுப்புவார். மூன்றும் சேர்ந்து பொருளின் உண்மையான விலையை மறைத்துவிடும். அந்த விலையைப் பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியவைப்பதுதான் உங்கள் வேலை. அதற்குக் கடை நடத்திய அனுபவம் தேவையில்லை. நீங்கள் படிப்பிக்கும் கணக்கீடே போதும், அதை அடுப்படிவரை கொண்டுபோனால்.

ஐந்து கிலோ சரக்கை எடுத்துக்கொள்வோம். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, மஞ்சள், வெந்தயம் எல்லாம் சேர்த்து 7,500 ரூபா என்று வையுங்கள் (இங்கே வரும் விலைகள் எடுத்துக்காட்டுக்கு, அன்றைய சந்தை விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்). பிள்ளைகள் உடனே 50 ஆல் பிரிப்பார்கள். 100 கிராம் பக்கற் 150 ரூபா, 220க்கு விற்றால் 70 ரூபா இலாபம் என்பார்கள்.

வறுக்கும்போது ஈரம் போகும், மில்லில் கொஞ்சம் தங்கும். ஐந்து கிலோவில் நாலரைக் கிலோ கைக்கு வந்தால் 45 பக்கற். இரண்டு மாதிரிக்குப் போகும், ஒன்று ஒட்டு விட்டுக் கொட்டும். விற்க மிஞ்சுவது 42. மில்கூலி 500, காஸ் 400, பையும் லேபலும் பக்கற்றுக்கு 20 ரூபாப்படி 900, போக்குவரத்து 700. மொத்தம் 10,000. அதை 42 ஆல் பிரித்தால் பக்கற் ஒன்று 238 ரூபா. 220க்குக் கடையில் கொடுத்து, கடைக்காரர் 15 வீதம் கழிவு எடுத்தால் கைக்கு வருவது 187. ஒவ்வொரு பக்கற்றிலும் 51 ரூபா நட்டம். நன்றாக விற்கிறது என்று சந்தோசப்படும் நேரத்தில்தான் முதல் கரைந்துகொண்டிருக்கும்.

இதில் உழைப்பு இன்னும் சேரவில்லை. ஐந்து பேர் நாலு மணித்தியாலம், மணிக்கு 100 ரூபா என்று குறைத்துப் போட்டாலும் 2,000. அம்மாவின் நேரம் தனி. அவர் வேண்டாம் என்றாலும் அவர் பெயரில் ஒரு வரி எழுதவேண்டும். பிள்ளைகளின் கூலியை மட்டும் சேர்த்தாலே பக்கற் 286 ரூபா ஆகிவிடும். கடைக்கழிவையும் தாங்க 340க்குக் குறையாமல் விற்கவேண்டும். 350 போட்டால் கடையில் பக்கற்றுக்கு 11 ரூபா, நேரே வீட்டுக்குக் கொடுத்தால் 64 ரூபா மிஞ்சும். முதல் சில மாதம் கடைப்பக்கம் போகாமல் வட்ஸ்அப்பில் ஓடர் எடுத்து வீடுகளுக்குக் கொடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். 250 கிராம் பக்கற்றுக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பைச் செலவு தூளின் அளவுக்கு ஏற்பக் கூடுவதில்லை.

இந்தக் கணக்கை நீங்கள் கரும்பலகையில் போட்டுக் காட்டாதீர்கள். பேனா அவர்களின் கையில் இருக்கட்டும். “மில்லுக்கு யார் காசு கொடுத்தது?” என்று மட்டும் கேளுங்கள்.

தயாரிப்பில் பழுது வருவது பெரும்பாலும் ஈரத்தால். செத்தலைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். கறுத்ததும் பூஞ்சணம் பிடித்ததும் ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது. அதிலுள்ள நஞ்சு வறுத்தாலும் முழுவதும் போகாது. ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியே வறுக்கவேண்டும். மல்லி பதம் வரும் நேரத்தில் சீரகம் கருகிவிடும். கறிவேப்பிலையைக் கையில் எடுத்து நசித்தால் நொறுங்கவேண்டும், வளைந்தால் போதாது. மில்லில் முன்னர் யாரோ அரிசி அரைத்திருப்பார்கள், ஆகவே முதலில் விழும் கொஞ்சத் தூளைப் புறம்பாக எடுத்து வீட்டுச் சமையலுக்கு வைக்கலாம். மில்லிலிருந்து வரும் தூள் சூடாக இருக்கும். அகலத் தட்டத்தில் பரப்பி, உள்ளே விரல் விட்டால் குளிர்ச்சியாக இருக்கும்வரை அடைக்கக்கூடாது. அவசரப்பட்டுச் சூட்டோடு அடைத்தால் பையின் உட்புறம் வேர்த்து, தூள் கட்டிபட்டு, சில வாரத்தில் பூஞ்சணம் வரும். பையின் வாயில் தூள் படிந்திருந்தால் ஒட்டு நிற்காது. புனல் வைத்து நிரப்பி, வாயைத் துணியால் துடைத்துவிட்டு ஒட்டவேண்டும். நிறுக்கும்போது வெறும் பையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கிய பிறகு தூள் போடட்டும். இல்லாவிட்டால் பையின் நிறையும் தூளாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

முதல் பக்கற்றுகள் எல்லாம் விற்றுவிடும். அதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். சீருடையில் ஒரு பிள்ளை படலையில் நின்றால் யார்தான் வேண்டாம் என்பார்? “எங்கட தூள் வாங்குவீங்களோ?” என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்பார்கள். கடைசியாகத் தூள் எங்கே எடுத்தீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள், அது எத்தனை நாளுக்குப் போனது, வீட்டில் இன்னும் வறுக்கிறீர்களா என்று கேட்கப் பழக்குங்கள். 42 பக்கற்றும் யார்யாருக்குப் போனது என்று கொப்பியில் பெயர் இருக்கவேண்டும். அதே ஆட்கள், யாரும் தூண்டாமல், இரண்டாவது முறை கேட்கிறார்களா? ஐந்தாறு வாரத்தில் பத்துப் பேராவது திரும்பக் கேட்டால் அடுத்த தொகுதியைப் பெருப்பிக்கலாம். இரண்டு மூன்று பேர்தான் என்றால், வாங்கிவிட்டுத் திரும்பக் கேட்காதவர்களிடம் போய்க் காரணம் கேட்கவேண்டும். உறைப்புக் கூடவா, கருகல் மணமா, விலையா? இந்தப் பேச்சுக்குப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். முதல் வீட்டுக்கு நீங்களும் கூடப் போங்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கிலோக்கணக்கில் கொண்டுபோவார்கள். அந்த மாத விற்பனையைத் தனியாக எழுதுங்கள். அதை வழக்கமான மாதம் என்று நம்பிச் சரக்கு வாங்கினால் ஒக்ரோபரில் மூட்டை அப்படியே இருக்கும்.

கடன்தான் இன்னொரு தொல்லை. பெரியவர்களிடம் காசு கேட்க எங்கள் பிள்ளைகளுக்கு வாய் வராது. ஆகவே கைக்குக் காசு வந்தால்தான் பக்கற் என்று முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். தவறி யாருக்காவது போய்விட்டால், பிள்ளை சொல்வதற்கு ஒரு வசனம் இருக்கவேண்டும்: “அன்ரி, கொப்பியில உங்கட பேர் இருக்கு, வெள்ளிக்கிழமை ரீச்சர் பார்ப்பா.” பழியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்; பிள்ளைக்கு அது பெரிய உதவி.

காசை ஒருவர் வைத்திருக்க, கணக்கை வேறொருவர் எழுதட்டும். நீங்கள் காசைத் தொடவே கூடாது, ஒரு நாளைக்குக்கூட. உங்கள் சம்பளத்திலிருந்து குறைநிரப்பவும் கூடாது. வெள்ளிக்கிழமை பாடசாலை முடிய முக்கால் மணித்தியாலம் இருங்கள். ரின்னில் உள்ள காசை எண்ணிக் கொப்பியோடு ஒப்பிடுவது, திரும்ப வாங்கியவர்களை எண்ணுவது, அடுத்த கிழமை மாற்றப்போவது ஒன்றே ஒன்றை எழுதுவது, அவ்வளவுதான். பிள்ளைகள் பிழையான முடிவு எடுத்தாலும், நட்டம் 1,000 ரூபாவுக்கு உள்ளே நிற்கும் என்றால் விட்டுவிடுங்கள். சுகாதாரம், பாதுகாப்பு, பொய் நிறை, பொய்த் திகதி: இந்த நாலிலும் விடாதீர்கள்.

18 வயது நிரம்பாதவர்கள் என்பதால் வங்கிக் கணக்கும், வணிகப்பெயரில் விற்கத் தொடங்கும்போது பிரதேச செயலகத்தில் செய்யும் பதிவும், அந்த அம்மா போன்ற ஒரு பெரியவரின் பெயரில் இருப்பது நல்லது. விற்பனைக்கு உணவு செய்வது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குள் வரும். முதல் தொகுதிக்கு முன்னரே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு அடுப்படியையும் லேபலையும் காட்டுங்கள். சேர்மானம், நிகர நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், செய்தவரின் பெயர், விலாசம் எல்லாம் லேபலில் இருக்கவேண்டும். பாடசாலைக்குள் விற்பதாக இருந்தால் அதிபரின் அனுமதி எழுத்தில் வேண்டும்.

ஐந்து பேரும் சிநேகிதர் என்பதால் பங்கைப் பற்றிப் பேசாமல் தொடங்கிவிடுவார்கள். பிறகு ஒருவருக்கு ரியூசன் மாறும், வேலைக்கு வரமாட்டார், மனஸ்தாபம் வரும். ஒரு பக்கத்தில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்து வைக்கட்டும்: வேலை செய்த மணித்தியாலத்துக்கு முதலில் கூலி, மிஞ்சுவதில் பாதி அடுத்த சரக்குக்கு, மற்றப் பாதி சமபங்கு. இடையில் விலகுபவருக்கு, அன்றைக்குக் கையில் உள்ள காசிலும் சரக்கிலும் அவருடைய ஐந்தில் ஒன்று.

பயப்படும் பெற்றோரை நேரே சந்தியுங்கள். மாதம் இரண்டு தொகுதி, அதுவும் சனிக்கிழமை காலையில் மட்டும். தவணைப் பரீட்சைக்கு மூன்று கிழமைக்கு முன்னர் அடுப்பு மூட்டுவதில்லை. 13ஆம் தரத்தின் இரண்டாம் தவணையோடு கணக்கை மூடிக் காசைப் பிரிப்பது. இதை எழுதிக் கொடுங்கள். மூடும் திகதி தெரிந்தால் பெற்றோர் பாதிப் பயத்தை விட்டுவிடுவார்கள். அதன் பிறகு 10ஆம், 11ஆம் தரப் பிள்ளைகள் எடுத்து நடத்த விரும்பினால் தராசையும் கொப்பியையும் அவர்களுக்கு விற்கலாம், இலவசமாகக் கொடுக்கவேண்டாம்.

முதல் தொகுதி முடிந்ததும் பெயர்ப் பக்கத்தையும் செலவுப் பக்கத்தையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அந்தப் பழைய மாணவருக்கு என்ன பதில் சொல்வது என்பதை அப்போது பேசுவோம். திரும்ப வாங்குபவர்கள் இருந்தால், அவரிடம் காசுக்குப் பதிலாக ரொறொன்ரோவில் பத்துக் குடும்பங்களின் ஓடரைக் கேட்கலாம்.